குழாயடியில் ஒளிந்து குடிக்கும் அப்பா

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் அப்பாவுக்கு 61 வயது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடந்த 14 மாதங்களாகத் திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். உலர் எடை, அதாவது தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 60 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார்கள். நான் அளந்துதான் கொடுக்கிறேன். ஆனாலும் வார நாட்களில் மூன்று கிலோவும், திங்கட்கிழமை காலையில் நான்கரை கிலோவும் ஏறியிருக்கிறது. அத்தனை நீரையும் எடுக்கும்போது காலில் தசை பிடித்துக்கொண்டு துடிக்கிறார். ரத்த அழுத்தம் விழுகிறது. அரை மணி நேரம் முன்னதாகவே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுகிறார். "வீட்டில் கட்டுப்பாடே இல்லையா?" என்று அங்கே என்னைக் கேட்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். போன வாரம் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அப்பா இருட்டில் நின்று குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தாகத்தை அடக்க மருந்து ஏதும் இருக்கிறதா? அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— பெயர் வெளியிட விரும்பாத மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் இடத்தில் இருக்கும் பலரும் ஏதோ ஒரு பூட்டைப் போட்டுப் பார்த்தவர்கள்தான். சிலர் பெட்டிக்கு, சிலர் சமையலறைக்கு, சிலர் வாய்ச்சொல்லால். மூன்றுமே தண்ணீரைக் குறைத்து நான் பார்த்ததில்லை. குடிக்கிற இடத்தைத்தான் மாற்றியிருக்கின்றன.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில், எடை ஏறி வரும் நோயாளியின் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஒரு மூத்த செவிலியர் ஒரு நாள் என்னிடம், "நீங்களும் ஒரு நாள் ஒரு லிட்டரில் இருந்து பாருங்களேன், டாக்டர்" என்றார். இருந்து பார்த்தேன். மாலை நான்கு மணிக்கு மேல் என் எதிரில் உட்கார்ந்து பேசியவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில்லை. அவர்கள் அருகில் இருந்த தண்ணீர் பாட்டில்கள்தான் நினைவிருக்கின்றன. என் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன. அது ஒரே ஒரு நாள்தான். உங்கள் அப்பா 14 மாதங்களாக அப்படி இருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததிலிருந்து திங்கட்கிழமை மறுபடி தொடங்கும்வரை சுமார் 68 மணி நேரம், அதாவது மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் நான்கரை கிலோ என்றால் நாளுக்கு 1.6 லிட்டர் உடலில் தங்குகிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மலத்திலும் போகும் நீரை ஒரு பக்கமும், உணவிலிருந்து கிடைக்கும் நீரை மறுபக்கமும் வைத்துக் கழித்தால், சிறுநீரே போகாத ஒருவருக்கும் நாளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தானாகவே வெளியேறிவிடும். ஆகவே உங்கள் அப்பா பருகுவது நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல். நீங்கள் கொடுப்பது ஒரு லிட்டர். மீதி ஒரு லிட்டரை இரவு இரண்டு மணிக்கு இரண்டு கைப்பிடித் தண்ணீரால் குடித்துத் தீர்க்க முடியாது. பகலிலும் பல முறை நடக்கிறது.

இதைப் படித்ததும் கோபப்படாதீர்கள். ஒரு மனிதர், அதுவும் பின்னால் வரப்போகும் தசைப்பிடிப்பின் வலி தெரிந்த மனிதர், தினமும் ஒரு லிட்டரை ஒளிந்து குடிக்கிறார் என்றால் அவரை ஏதோ ஒன்று துரத்துகிறது. மன உறுதி போதவில்லை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். துரத்துவது எது என்று தேடினால்தான் உங்கள் வீட்டில் சண்டை நிற்கும். பெரும்பாலான வீடுகளில் அது உப்பு.

உடல் ரத்தத்தின் உப்புச் செறிவை விடாப்பிடியாகக் காக்கிறது. உப்பில் இருக்கும் சோடியத்தின் அளவு ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (பரிசோதனைத் தாளில் வரும் அலகு) வரைக்குள் நிற்க வேண்டும். அந்தச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணர்வணுக்கள் தாகத்தைக் கிளப்பிவிடும். சிறுநீரகம் வேலை செய்கிறவர்களுக்கு அதிக உப்பு சிறுநீரோடு போய்விடும். உங்கள் அப்பாவுக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. உண்ட உப்பு அடுத்த டயாலிசிஸ்வரை உள்ளேயே கிடக்கும். அதை நீர்த்துப்போகச் செய்யும் அளவு தண்ணீர் வந்து சேரும்வரை மூளை கேட்டுக்கொண்டே இருக்கும். இதில் ஒரு துல்லியமான விகிதமே இருக்கிறது: ஏறக்குறைய 8 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

இப்போது உங்கள் எடைக் கருவியை வேறு கண்ணோடு பாருங்கள். நான்கரை கிலோ என்பது 36 கிராம் உப்பாக இருக்கலாம். 68 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 12, 13 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது. அது தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அந்த 5 கிராமுக்குள் அப்பா இருந்தால் அதே 68 மணி நேரத்தில் உப்பின் பேரால் சேரும் நீர் 1.8 லிட்டர் அளவில் நிற்கும். யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. தாகமே அவ்வளவுதான் எடுக்கும்.

ஆகவே டம்ளர்களை எண்ணுவதில் நீங்கள் செலவழிக்கும் கவனத்தில் பாதியை உப்புக்கு மாற்றுங்கள் என்பதே என் ஆலோசனையின் சாரம். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன். எங்கள் துறையிலும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

பிரான்சில் தாசேன் என்ற ஊரில் உள்ள டயாலிசிஸ் மையம் எங்கள் துறையில் பெயர் பெற்றது. அங்கே வாரம் மூன்று முறை எட்டெட்டு மணி நேரம் மெதுவாக டயாலிசிஸ் செய்தார்கள். கூடவே உப்பைக் கண்டிப்பாகக் குறைத்தார்கள். மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. அந்த அனுபவத்தின் மறு பாதியான உப்புக் குறைப்புக்கு மருத்துவமனையோ இயந்திரமோ வேண்டாம்.

உப்பு இருக்கும் இடம் மேசையில் இருக்கும் கிண்ணம் மட்டுமல்ல. ஊறுகாய், பாக்கெட்டில் வரும் நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ், பாக்கெட் சூப், சாஸ், பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டி என்று பட்டியல் நீளும். நாக்குக்கு உப்பாகத் தெரியாத பொருளிலும் சோடியம் இருக்கும். அட்டையில் சோடியத்தின் அளவு போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள். உப்பின் அளவு வந்துவிடும். பலரும் யோசிக்காத ஒன்று, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள். அப்படிக் கரையும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். அது ஒரு கிராம் உப்புக்குச் சமம். தலைவலிக்கு நாளுக்கு நான்கு மாத்திரை போட்டால் ஒரு நாள் உப்பு அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் மாற்று உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். டயாலிசிஸ் செய்கிறவருக்கு அது இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடிய பொருள். வீட்டுக்குள் வரவே கூடாது. கல்லுப்பு, பாறை உப்பு, இளஞ்சிவப்பு உப்பு ஆகியவற்றில் அந்த அளவு ஆபத்து இல்லை, லாபமும் இல்லை. எல்லாம் சோடியம் குளோரைடுதான். எலுமிச்சை பிழிந்து, மிளகு, பூண்டு, வாசனை இலைகள் சேர்த்துச் சமைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் அப்பா முகம் சுளிப்பார். நாக்கு பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். வீட்டில் எல்லோரும் அதே சமையலைச் சாப்பிட்டால் அவருக்குத் தண்டனையாகத் தோன்றாது. அவருக்குத் தனிப் பாத்திரம் வைத்த வீடுகளில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

உப்புதான் காரணமா என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஒரு தடயம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கலாம். டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். எடை நான்கு கிலோ ஏறியும் சோடியம் 138, 140 என்று வழக்கமான அளவிலேயே இருந்தால், ஏறிய தண்ணீர் உப்பைத் தேடி வந்தது. சோடியம் 130 அளவுக்குக் குறைந்திருந்தால், உப்புக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போது வேறு இரண்டு காரணங்களைத் தேட வேண்டும்.

முதலாவது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், தாகம் கிளம்பும், சிறுநீர் போகாததால் அந்தச் சர்க்கரைக்கு வெளியேற வழியும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு 18 ஆண்டுச் சர்க்கரை என்பதால் இதை நான் தள்ளிவிட மாட்டேன். மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகையாலும் அதற்குப் போடும் ஊசியாலும் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு வாரம் வீட்டுக் கருவியில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கப் போகும் முன்னும் பார்த்து எழுதிவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் அப்போதும் ஒரு சொட்டு. ஆனால் சர்க்கரை அதிகம் என்று கண்டு நீங்களாகவே இன்சுலினைக் கூட்டிவிடாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். விடியற்காலையில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

இரண்டாவது, தாகமே இல்லாத தாகம். வாய் உலர்வதும் தாகம் எடுப்பதும் வெவ்வேறு. தாகம் மூளையின் கேள்வி. உலர்வு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குறை. குடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தாகத்தை அடக்க மருந்து கேட்டிருந்தீர்கள். நம்பிக் கொடுக்கத்தக்க மருந்து இல்லை. ஆனால் வாயை உலர்த்தும் மருந்துகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு உங்கள் அப்பாவின் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். டயாலிசிஸ் நோயாளிகளின் தோல் அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரைகள், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டி மாற்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்; குறிப்பாகக் குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் முன்னிருந்ததைவிட மேலே எகிறும்.

உலர்வுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை; வாய் நனைந்தால் போதும். குளிர்ந்த நீரை வாயில் வைத்துச் சுழற்றித் துப்பலாம். சிறிய தெளிப்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் படுக்கையருகில் வைத்தால், ஒரு முறை தெளிக்கையில் உள்ளே போவது சில துளிகள்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கம், நாக்கில் வைத்த எலுமிச்சைத் துண்டு போன்றவை உமிழ்நீரைத் தூண்டும். உதட்டுக்குக் களிம்பு. வாயைத் திறந்து தூங்குகிறவரா, குறட்டை விடுகிறவரா என்றும் கவனியுங்கள். பனிக்கட்டி நல்லது, ஒரு கட்டி வாயில் நெடுநேரம் இருக்கும். ஆனால் அதுவும் கணக்கில் சேரும். உங்கள் தட்டில் உறையும் கட்டிகள் பத்தை உருகவிட்டு அளந்தால் ஒன்றுக்கு எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும்.

அளவுக்கு வருகிறேன். 'ஒரு லிட்டர்' என்பது எல்லோருக்கும் சொல்லும் தோராயம். எங்கள் வழக்கமான கணக்கு, முந்தைய நாள் சிறுநீரின் அளவோடு 500 மில்லி. சில மருத்துவர்கள் 750 வரை விடுவார்கள். உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் போகிறதா, எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நோயாளியும் மறந்துவிடுகிறார். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை முழுவதையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். 400 மில்லி வந்தாலும் அது தினமும் இரண்டு டம்ளர் சுதந்திரம். அவ்வாறு சிறுநீர் இருக்கிறவர்களுக்கு அதைக் கூட்ட ஃப்யூரோசமைடு போன்ற மாத்திரை பயன்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிநிவாரணிகளைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த மீதிச் சிறுநீரும் போய்விடும்.

அளக்கும் வேலையை இனி அப்பாவிடமே விடுங்கள். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் அவரே நிரப்பிக்கொள்ளட்டும். தேநீர் குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிட வேண்டும். சூப், பால், பழச்சாறு, ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் அப்படியே. பழச்சாற்றில் பொட்டாசியமும் அதிகம் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. பாட்டிலில் மீதி இருப்பது கண்ணுக்குத் தெரியும். இரவுக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். நான் கேட்டால், இரவு இரண்டு மணிக்கென்று 100 மில்லியைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்வேன். உரிமையோடு குடிக்கும் 100 மில்லி பெரும்பாலும் 100 மில்லியில் நின்றுவிடும். ஒளிந்து குடிக்கும்போதுதான் அடுத்த வாய்ப்பு எப்போதோ என்ற பயத்தில் வயிறு நிறையக் குடிக்கத் தோன்றும்.

உங்கள் வீட்டு டம்ளர்களை ஒரு முறை அளந்தும் பாருங்கள். 'மூன்று டம்ளர்தான் குடித்தேன்' என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஒரே அலமாரியில் 150 மில்லி டம்ளரும் 300 மில்லி டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீரையும் யாரும் எண்ணுவதில்லை. நாளுக்குப் பன்னிரண்டு மாத்திரை, ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் என்றால் அங்கேயே ஒரு லிட்டர் முடிகிறது. ஒரு வாய்த் தண்ணீரில் இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்கப் பழகலாம். பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரைகளை எப்படியும் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும்.

எடையைத் தினமும் காலையில், கழிவறை போய்வந்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். உலர் எடையில் நூற்றுக்கு நான்கு பங்குக்குள் ஏற்றம் இருந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். 60 கிலோவுக்கு அது 2.4 கிலோ. நீண்ட இடைவெளியில் நாளுக்கு 800 கிராம் என்று அப்பா மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். நான்கரையிலிருந்து ஒரே தாவலில் இரண்டரைக்கு இறங்கச் சொல்லாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை நான்கு வந்தால் அதற்கு ஒரு பாராட்டு உண்டு.

இவ்வளவையும் வீட்டின் தலையில் மட்டும் போட்டால் நியாயமாகாது. மருத்துவமனையும் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிக்கு மேல் நீரை உறிஞ்சினால் இதயத்துக்குக் கெடுதல் என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 60 கிலோ மனிதருக்கு நான்கு மணி நேரத்தில் அந்த எல்லை ஏறக்குறைய 3.1 லிட்டர். உங்கள் அப்பாவிடமிருந்து திங்கட்கிழமை நான்கரை லிட்டர் எடுக்கிறார்கள். மணிக்குக் கிலோவுக்கு 18 மில்லிக்கு மேல். அரை மணி முன்னதாக நிறுத்தினால் அது 21க்கு மேல் போகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீரை எடுக்கும் வேகத்துக்குத் திசுக்களில் இருக்கும் நீர் உள்ளே வந்து நிரப்ப முடியாதபோதுதான் அழுத்தம் விழுகிறது, தசை பிடிக்கிறது. அப்போது அழுத்தத்தை ஏற்ற உப்பு நீர் ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த உப்பு தாகமாக மாறும். வட்டம் அப்படித்தான் சுற்றுகிறது.

முன்னதாக நிறுத்தும் அந்த அரை மணியை அப்பா சாதாரணமாக நினைக்கலாம். வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு 156 முறை என்றால் 78 மணி நேரம். பத்தொன்பது டயாலிசிஸைத் தவறவிட்டதற்குச் சமம். ஆனால் தசை பிடித்துத் துடிக்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பதிலாக நேரத்தைக் கூட்டிக் கேளுங்கள்: திங்கட்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் செய்ய முடியுமா, அல்லது சில வாரங்களுக்கு நான்காவதாக ஒரு முறை சேர்க்க முடியுமா? டயாலிசிஸ் திரவத்தில் சோடியம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அழுத்தம் விழாமல் இருக்க அதைக் கூட்டிவைத்தால் நோயாளி உப்பேறித் தாகத்தோடு வீடு திரும்புவார். திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தாலும் அழுத்தம் விழுவது குறையும். ரத்த அழுத்த மாத்திரையை டயாலிசிஸ் நாளில் எப்போது போடுவது என்பதும் அவர்கள் சொல்ல வேண்டியது. இவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "வீட்டில் கட்டுப்பாடே இல்லையா?" என்று கேட்கிற இடத்தில் நீங்களும் நான்கு கேள்வி கேட்கலாம்.

ஐந்தாவது கேள்வியும் ஒன்று: அந்த 60 கிலோ எப்போது குறித்தது? உலர் எடை என்றைக்குமான எண் அல்ல. நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டிருந்தால் 61 ஆகியிருக்கும். பழைய எண்ணுக்கு இழுத்தால் தசை பிடிக்கத்தான் செய்யும். காய்ச்சலிலோ பசியின்மையிலோ இளைத்திருந்தால் 58 ஆகியிருக்கும். அப்போது 60க்கு வந்த பிறகும் உள்ளே இரண்டு லிட்டர் ஒளிந்திருக்கும். அப்பாவின் சட்டை தளர்ந்திருக்கிறதா, பசி எப்படி இருக்கிறது என்பதைப் போய்ச் சொல்லுங்கள். எடை ஏறாமல் வருகிறவர்களை எல்லோரும் பாராட்டுவார்கள். அவர்களில் சிலர் சாப்பிடாமலே இருக்கிறவர்கள். உப்பைக் குறைத்ததால் அப்பா சாப்பாட்டையே குறைத்துவிட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் இந்தக் கட்டுப்பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு போன் செய்து அளவு கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார், இருமலில் நுரை வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். முந்தின நாள் ஒளிந்து குடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டுச் சிலர் அந்த நிலையிலும் வாய் திறப்பதில்லை. கத்தியதற்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள் என்று நான் கேட்பது அதனால்தான். அவர் உங்களுக்குப் பயப்படாமல் இருப்பது அவர் உயிருக்குத் தேவை.

கடைசிப் பகுதியை அப்பாவிடமே படிக்கக் கொடுங்கள்.

ஐயா, வணக்கம். உங்கள் மகள் எழுதியதைப் படித்தேன். இனி யாரும் பூட்டுப் போட மாட்டார்கள். அதற்கு ஈடாக எனக்கு ஒரு வாரம் ஒரு சின்ன வேலை செய்து கொடுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் மணியைக் குறியுங்கள். அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு சொல். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, இன்னும் கேட்கிறதா இல்லையா என்று ஒரு சொல். கேட்டால் குடியுங்கள், குடித்த அளவையும் எழுதுங்கள். குழாயடியில் குடித்தாலும் எழுதுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையும் மாத்திரைப் பெட்டியையும் உங்கள் டாக்டர் மேசையில் வைத்துவிடுங்கள். கொப்பளித்ததும் அடங்கியவை எத்தனை, அடங்காதவை எத்தனை என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும்.